சுத்துனது போதும்... அமுக்குங்க!

ஒரு சின்ன டெஸ்ட் பாஸ். வீட்டுல இருக்கிற பெரியவங்க யார்கிட்டயாவது போய், "கார் கண்ணாடியை இறக்கச் சொல்லணும்னா எப்படி சைகை காட்டுவீங்க?"னு கேளுங்க. கையை முஷ்டி பிடிச்சு, ஆட்டுக்கல்லுல மாவாட்டுற மாதிரி ஒரு சுத்து சுத்திக் காட்டுவாங்க. அதே கேள்வியை எதிர்வீட்டு எல்.கே.ஜி. வாண்டுகிட்ட கேளுங்க. ஆள்காட்டி விரலால காத்துல ஒரே ஒரு அமுக்கு. அவ்வளவுதான்!

இந்தச் சுத்துக்கும் அமுக்குக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கும் கார்கள் எங்க ஊர்ப் பக்கம் நிறைய. எங்க ஊர், சங்கராபுரம். கள்ளக்குறிச்சி மாவட்டம். (2019 நவம்பருக்கு முன்னாடி கேட்டிருந்தா 'விழுப்புரம் மாவட்டம்'னு சொல்லியிருப்பேன்!) ஒரு பக்கம் கல்வராயன் மலை, இன்னொரு பக்கம் திருவண்ணாமலை போற ரோடு, நடுவில் எங்கே பார்த்தாலும் கரும்பு. பெரிய சிட்டிக்காரர்கள் 'போதும்டா சாமி'னு கைகழுவின மாருதி 800, ஆம்னி, பழைய சான்ட்ரோ எல்லாம் இங்கேதான் செகண்ட் இன்னிங்ஸ் ஆடிக்கிட்டிருக்கு. 1983 டிசம்பரில் ரோட்டுக்கு வந்த 800-ஐ, 2014 ஜனவரியோடு கம்பெனி நிறுத்திடுச்சு. 15 வருஷம் தாண்டின வண்டின்னா அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்கணும். அந்த அலைச்சலையும் தாங்கிக்கிட்டு ஓட்டுறாங்கன்னா, வண்டி மேல எவ்ளோ பாசம் பாருங்க!

பாசம் முத்தினா என்ன ஆகும்? முதல்ல புது சீட் கவர். அப்புறம் ஸ்டீரியோ. மூணாவதா வர்ற ஆசைதான் நம்ம சப்ஜெக்ட்... 'கண்ணாடிக்கு பட்டன் போட்டுடலாமா?'

இதைச் சும்மா ஸ்டைலுக்கான ஆசைன்னு ஒதுக்கிட முடியாது. கரும்பு சீசன்ல மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு லோடு ஏத்திட்டுப் போற டிராக்டர் பின்னாடி ஒரு தடவை மாட்டிப் பாருங்க. தூசியும் சோகையும் நேரா மூஞ்சிக்கு வரும். ஏ.சி. இல்லாத வண்டி. நாலு கண்ணாடியும் இறங்கியிருக்கு. தனியா ஓட்டிட்டுப் போறவர் இடது பக்கக் கண்ணாடியை ஏத்தணும்னா, ஒரு கையில் ஸ்டீயரிங், இன்னொரு கை அந்தக் கதவு வரைக்கும் நீளணும். கண்ணு ரோட்டை விட்டுப் போயிடும். 60 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி ஒரு செகண்டுக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடும். நாலு செகண்ட் சுத்தினா 67 மீட்டர்! கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலை ஏறுற கொண்டை ஊசி வளைவில் இதைச் செஞ்சா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

ஸோ, எங்க மாமா தன்னோட 800-க்கு பவர் விண்டோ போட முடிவு பண்ணார். "நீதான் ட்ரிபிள்-ஈ படிக்கிறியே மாப்ள, கூட வா"ன்னு ஒரு சனிக்கிழமை என்னையும் இழுத்துட்டுப் போனார். மூணாவது வருஷம் படிக்கிறவனுக்கு இதைவிட ஒரு அவமானம் இருக்க முடியாது... தியரியில் எலக்ட்ரிகல் மெஷின்ஸ் பேப்பர் பாஸ், நிஜத்தில் ஒரு கார் கதவைக்கூடக் கழட்டிப் பார்த்ததில்லை. ஆனா அந்த ஒரு நாள், ரெண்டு செமஸ்டர் லேபுக்குச் சமம்!

கதவுக்குள்ளே ஒரு கத்தரிக்கோல்

ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் முதல்ல செஞ்ச வேலையே ஒரு மேஜிக் ஷோ. கண்ணாடி சுத்துற ஹேண்டிலில் ஸ்க்ரூவே கிடையாது. பின்னாடி ஒரு குட்டிக் கம்பி கிளிப் பிடிச்சிட்டிருக்கும். அவர் ஒரு பழைய பனியன் துணியை எடுத்தார். ஹேண்டிலுக்கும் டோர் பேடுக்கும் நடுவில் விட்டு, முதுகு தேய்க்கிற மாதிரி ரெண்டு இழு. 'டிக்'னு கிளிப் வெளியே வந்துடுச்சு. (விழுந்த கிளிப்பைத் தேடத்தான் கால்மணி நேரம் ஆச்சு. தேடினது யாருன்னு சொல்லணுமா?)

டோர் பேடைக் கழட்டினா உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும். நிறைய பேர் 'இது என்ன குப்பை'ன்னு கிழிச்சுத் தூக்கிப் போட்டுடுவாங்க. ப்ளீஸ்... செய்யாதீங்க. மழைத் தண்ணி கண்ணாடி வழியா கதவுக்குள்ளே இறங்குறது சகஜம். கதவோட அடியில் அது வெளியேற ஓட்டைகூட இருக்கு. அந்தத் தண்ணி டோர் பேடையும் காருக்குள்ளேயும் நனைக்காம தடுக்கிறது இந்த ஷீட்தான். புதுசா மோட்டாரும் ஒயரும் உள்ளே போகப் போகுதுன்னா, ஷீட்டைத் திரும்ப ஒழுங்கா ஒட்டுறது இன்னும் முக்கியம்.

உள்ளே இருக்கிற இரும்பு சமாசாரத்துக்கு மெக்கானிக் பாஷையில் 'விண்டோ மெஷின்'. இதில் ரெண்டு ஜாதி. ஒண்ணு, கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே மடங்கி விரியுற ரெண்டு கை. இன்னொண்ணு, பிரேக் கேபிள் மாதிரி ஒரு கம்பி தண்டவாளத்தில் கண்ணாடியை ஏத்தி இறக்குறது. ஹேண்டிலைச் சுத்தினா ஒரு குட்டிப் பல்சக்கரம் இதை ஓட்டும். சரி, பாதியில் கையை எடுத்தா கண்ணாடி ஏன் தொபுக்கடீர்னு கீழே விழலை? அந்த அச்சுல ஒரு சுருள் ஸ்பிரிங் பிரேக் இருக்கு. ஹேண்டில் பக்கத்திலிருந்து திருப்பினா விட்டுக் கொடுக்கும். கண்ணாடி பக்கத்திலிருந்து தள்ளினா இறுக்கிப் பிடிச்சுக்கும். ஒரு ஸ்பிரிங்குக்கு இவ்ளோ புத்தியான்னு நான் வாயைப் பிளந்துட்டேன்.

இதுக்கு மோட்டார் வைக்கிற ஐடியா ரொம்பப் பழசு. 1940-லேயே அமெரிக்காவின் பேக்கார்ட் கம்பெனி தன்னோட 180 மாடலில் பவர் விண்டோ கொடுத்தாச்சு. அப்போ அது எண்ணெய் அழுத்தத்தில் ஓடுற ஹைட்ராலிக் சிஸ்டம். கண்ணாடியை ஏத்த எண்ணெய்க் குழாய்! நம்ம ஊரு அம்பாசடர்காரர்கள் அதுக்கப்புறமும் பல பத்து வருஷம் கையால் சுத்திக்கிட்டேதான் இருந்தாங்க.

இப்போ மாத்த ரெண்டு வழி. உங்க காரோட டாப் மாடலில் கம்பெனியே பவர் விண்டோ கொடுத்திருந்தா ரொம்ப ஈஸி. அந்த மோட்டார் வெச்ச மெஷினையே வாங்கி, இருக்கிற போல்ட் ஓட்டையிலேயே மாட்டிடலாம். சென்னை ஜி.பி. ரோடுல புதுசு கிடைக்கும், புதுப்பேட்டையில் பழசு கிடைக்கும். அப்படி இல்லாத வண்டிக்கு யுனிவர்சல் கிட். அதில் ஒரு வகை, பழைய மெஷினை அப்படியே விட்டுட்டு, ஹேண்டில் மாட்டுற பல்லு வெச்ச அச்சிலேயே மோட்டாரை இணைக்கிறது. அதாவது உங்க கைக்குப் பதிலா ஒரு மோட்டார் கை. எங்க மாமா வண்டிக்கு இதுதான்.

கிட் வாங்குறதுக்கு முன்னாடியே அண்ணன் ஒரு விஷயத்தைச் செக் பண்ணார். கண்ணாடியைக் கையால் மெதுவா ஏத்தி இறக்கிப் பார்த்தார். பாதியில் இறுக்குது. ஓரத்தில் இருக்கிற ரப்பர் சேனலில் பதினஞ்சு வருஷத் தூசி. "இதைச் சரி பண்ணாம மோட்டார் வெச்சா, ஆறு மாசத்துல மோட்டார் போச்சுன்னு வந்து நிப்பீங்க"ன்னார். சேனலைத் துடைச்சு, கிழிஞ்ச இடத்தில் புது ரப்பர் போட்டு, சிலிகான் ஸ்பிரே அடிச்சார். கிரீஸ் வேண்டாமாம். எங்க ஊர் மண்ணு கிரீஸில் ஒட்டினா உப்புத்தாள் ஆயிடும். பல கார்களுக்கு இந்த வேலையே போதும். சுத்துறது பஞ்சு மாதிரி ஆயிடுது, பட்டனே தேவைப்படலை. (மாமா காதில் இது விழாத மாதிரி நடிச்சார்!)

எர்த்துக்கே எர்த்து!

சர்க்யூட்டுக்கு வருவோம். மெக்கானிகல் நண்பர்கள் ரெண்டு நிமிஷம் பொறுத்துக்குங்க.

மோட்டார் சாதாரண 12 வோல்ட் டி.சி. மோட்டார், பர்மனன்ட் மேக்னட் டைப். ரெண்டே ஒயர். இப்படிக் கொடுத்தா ஏறும், ஒயரை மாத்திக் கொடுத்தா இறங்கும். மோட்டார் ரொம்ப வேகமாச் சுத்தும். அதை வார்ம் கியர் மெதுவாக்கி, பலத்தைக் கூட்டிக் கொடுக்கும். வார்ம் கியருக்கு இன்னொரு குணம், மோட்டார் கியரைச் சுத்தலாம், கியர் மோட்டாரைச் சுத்த முடியாது. அதனால வெளியே இருந்து யாரும் கண்ணாடியை அமுக்கி இறக்க முடியாது.

நான் அசந்துபோனது சுவிட்சில். 'அமுக்கினா கரன்ட், விட்டா கட்'... இவ்ளோதான்னு நினைச்சேன். இல்லையாம். சும்மா இருக்கும்போது மோட்டாரோட ரெண்டு ஒயருமே எர்த்தில் இருக்கும். ஏத்துற பக்கம் அமுக்கினா ஒரு ஒயர் மட்டும் எர்த்தை விட்டு 12 வோல்ட்டுக்குத் தாவும். இறக்குற பக்கம்னா இன்னொரு ஒயர். கையை எடுத்ததும் ரெண்டும் மறுபடி எர்த்து. அப்போ மோட்டாரோட ரெண்டு முனையும் ஒண்ணா இணைஞ்சு, அது டக்குனு நிக்கும். நாம லேபில் 'டைனமிக் பிரேக்கிங்'னு ரெக்கார்டு எழுதி கையெழுத்து வாங்கினோமே, அதேதான்! ஒரு சுவிட்சுக்குள்ளே ஒளிஞ்சு உட்கார்ந்திருக்கு.

இன்னும் இருக்கு. இடது பக்கக் கண்ணாடியை டிரைவரும் இயக்கணும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரும் இயக்கணும். அதனால அந்தப் பக்கச் சுவிட்சுக்கு எர்த்து நேரா பாடியிலிருந்து வராது, டிரைவர் பக்கச் சுவிட்ச் வழியா வரும். 'இடது பக்கப் பட்டன் வேலை செய்யலை'ன்னு அந்தப் பட்டனையே மூணு தடவை மாத்தினவங்க உண்டு. குற்றவாளி டிரைவர் பக்கச் சுவிட்சில் கரி பிடிச்ச ஒரு காண்டாக்ட்டா இருக்கும். வேலையில்லாம உட்கார்ந்திருக்கும் ஃப்ரெண்டோட காரில் அடுத்த தடவை இதைச் சொல்லிப் பாருங்க... பெரிய ஆள் ஆயிடலாம்.

அடுத்தது, பத்திக்கிற மேட்டர். நிஜமாவே பத்திக்கிற மேட்டர்.

டி.சி. மோட்டார் ஓடும்போது தானே ஒரு எதிர் வோல்டேஜை உண்டாக்கும், பேக் இ.எம்.எஃப். அதனாலதான் கரன்ட் அளவோட போகுது. கண்ணாடி மேலே போய் முட்டி நின்னுட்டா, மோட்டார் சுத்தாது, பேக் இ.எம்.எஃப். பூஜ்யம். சுருளோட மின்தடை 0.6 ஓம்னு ஒரு கணக்குக்கு வெச்சுக்குங்க. 12-ஐ 0.6-ஆல வகுத்தா 20 ஆம்பியர்! 240 வாட் சூடு, உள்ளங்கை சைஸ் மோட்டாருக்குள்ளே. நல்ல மோட்டாரில் சூடு ஏறினா தானே கட் ஆகிற ஒரு பாதுகாப்பு உள்ளேயே இருக்கும். மலிவு கிட்டில் அது இருக்கான்னு கேட்டு வாங்கணும். கண்ணாடி மூடினதுக்கு அப்புறமும் பட்டனை அமுக்கிக்கிட்டே இருக்கிற பழக்கம் இருந்தா, இன்னைக்கே விட்டுடுங்க.

ஒயரும் அப்படித்தான். ஸ்பீக்கருக்குப் போடுற 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை இதுக்குப் போட்டா, போக வர ஆறு மீட்டர் நீளத்துக்கு மின்தடை சுமார் கால் ஓம். 10 ஆம்பியர் ஓடினா ரெண்டு வோல்ட்டுக்கு மேல ஒயரிலேயே காலி. கண்ணாடி நொண்டி நொண்டி ஏறும், ஒயர் சூடாகும். 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டா இழப்பு அரை வோல்ட்டோட முடிஞ்சிடும். விலை வித்தியாசம் ரெண்டு டீ, ரெண்டு பஜ்ஜி.

அன்னைக்குக் கடையில் இன்னொரு கார் நின்னுச்சு. வேற எங்கேயோ பவர் விண்டோ போட்ட வண்டி. ஸ்டீரியோவுக்குப் போற ஒயரைச் சீவி, அதிலிருந்தே ரெண்டு மோட்டாருக்கும் கரன்ட் எடுத்திருந்தாங்க. தனி ஃபியூஸ் கிடையாது. கதவு தூணில் ஒயர் நுழையுற ஓட்டையில் ரப்பர் வளையமும் இல்லை. கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி, தகரம் ஒயரோட தோலைச் சீவியிருக்கு. டேஷ்போர்டுக்குப் பின்னாடி ஒரு அடி நீளத்துக்கு ஒயர் உருகி, பலூன் மிட்டாய் மாதிரி ஒட்டிக்கிட்டிருந்துச்சு. உள்ளே ஆள் இருக்கும்போது புகை வந்ததால பேட்டரி ஒயரைப் பிடுங்கித் தப்பிச்சாங்களாம். பூட்டி நிறுத்தின வண்டின்னா? அண்ணன் பதில் சொல்லலை, ஃபியூஸ் டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தார். பேட்டரிக்குப் பக்கத்தில் தனி ஃபியூஸ், சாவி போட்டா மட்டும் கரன்ட் விடுற ஒரு ரிலே, கதவு தூணில் ரப்பர் வளையம், ஒயர் மேல நெளிஞ்ச பிளாஸ்டிக் ஸ்லீவ். மூணு மணி நேர வேலையில் பாதி இதுக்கே போச்சு.

கைக்கு இருந்த மூளை

மதியம் சாப்பிட்டு வந்தா, முன் கதவு ரெண்டும் ரெடி. 'உய்ய்ய்ங்'னு கண்ணாடி ஏறுது, இறங்குது. மாமா முகத்தில் ஆயிரம் வாட் பல்பு! "அப்படியே பின்னாடி ரெண்டுக்கும் போட்டுடுங்க"ன்னார்.

அண்ணன் கேட்டது ஒரே கேள்வி. "வீட்டுல சின்னப் பசங்க இருக்காங்களா?"

மாமாவுக்கு ஒரு பொண்ணு, நாலு வயசு. ஒண்ணு, ஒண்ணரை வயசுப் பையன். பொண்ணு காரில் ஏறினா ஜன்னல் வழியா தலையை நீட்டிக்கிட்டுத்தான் வருவா.

ஹேண்டில் சுத்தும்போது நடுவில் ஒரு விரல் மாட்டினா, உங்க கைக்கு உடனே தெரியும். இறுக்குது, ஏதோ தடுக்குது, நிறுத்து! அந்த மெஷினோட சென்சார், கண்ட்ரோலர், எமர்ஜென்சி ஸ்டாப் எல்லாமே நம்ம கைதான். பட்டன் போட்ட அன்னைக்கு அதைக் கழட்டிப் போட்டுடுறோம். மோட்டாருக்கு ரப்பர் சேனலும் ஒண்ணுதான், குழந்தையோட கழுத்தும் ஒண்ணுதான். இறுக்கினா இன்னும் கொஞ்சம் கரன்ட் இழுக்கும், இன்னும் பலமாத் தள்ளும். அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்.

வெளிநாடுகள் இதைக் கத்துக்கிட்டது குழந்தைகளைப் பறிகொடுத்துத்தான். பழைய மாடல் சுவிட்சுகள் எப்படின்னா, ஒரு முனையை அமுக்கினா இறங்கும், மறு முனையை அமுக்கினா ஏறும். குழந்தை ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்க்க கைப்பிடி மேல முட்டி போட்டு ஏறும். முட்டிக்குக் கீழே சுவிட்ச். கண்ணாடி தானா ஏறும். தலை வெளியே. 2005-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டத்தில் இதுக்கும் சேர்த்து முடிவு கட்டுச்சு... கண்ணாடியை மூடணும்னா சுவிட்சை மேல்நோக்கி இழுக்கணும். அமுக்கினா இறங்க மட்டும்தான் செய்யணும். முட்டியால் எதையும் மேல் நோக்கி இழுக்க முடியாது இல்லையா? எவ்ளோ சிம்பிள்! ஒரு சுவிட்சோட வடிவம் மாறினது, ஒரு சாவு வகையையே தடுக்கப் பார்க்குது.

இன்னொரு பாதுகாப்பு, 'ஆன்ட்டி-பிஞ்ச்'. கண்ணாடி ஏறும்போது ஏதாவது தடுத்தா மோட்டாரோட வேகம் குறையும், கரன்ட் கூடும். அதை சென்சார் கண்டுபிடிச்சு கண்ணாடியைத் திரும்ப இறக்கிடும். அமெரிக்க, ஐரோப்பிய விதிகளில் இதுக்கு எல்லை 100 நியூட்டன். சுமார் பத்து கிலோ எடை அழுத்துற அளவு. அதைத் தாண்டுறதுக்குள்ளே கண்ணாடி திரும்பணும். நம்ம ஊரில் ஷோரூம் காரிலேயே பல மாடல்களில் இது டிரைவர் பக்கக் கண்ணாடிக்கு மட்டும்தான் வருது. சில ஆயிரம் ரூபாய் யுனிவர்சல் கிட்டில் இதை எதிர்பார்க்கவே வேண்டாம். டப்பா மேல போட்டிருந்தா, வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கேரட்டை வெச்சு டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. கேரட் ரெண்டாச்சுன்னா வேற கிட் பாருங்க. (விரலை வெச்சுப் பார்க்கிற வீர சாகசம் வேண்டாம் மச்சி!)

இன்னொரு ஆபத்து, உள்ளே மாட்டிக்கிறது. 2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி பக்கத்தில், நிறுத்தி வெச்சிருந்த காருக்குள்ளே விளையாடப் போன மூணு குழந்தைகள் கதவைத் திறக்க முடியாம மூச்சுத் திணறி இறந்துபோனாங்க. 2025 மே மாசம் ஆந்திராவில் விஜயநகரம் பக்கத்தில் அதே மாதிரி நாலு குழந்தைகள். ஜன்னல் எந்த வகையா இருந்தாலும், மூடின காரை உள்ளேயிருந்து ஒரு குழந்தையால் திறக்க முடியணும். ஹேண்டிலுக்குச் சாவி வேண்டாம், பேட்டரி வேண்டாம். பட்டனுக்கு ரெண்டும் வேணும். பவர் விண்டோவோட சேர்த்து 'காம்போ'ன்னு சென்ட்ரல் லாக்கும் மாட்டி விடுவாங்க. 2019 ஜூலை 1-லிருந்து புதுக் கார்களில், சென்ட்ரல் லாக் இருந்தா, கரன்ட் போனாலும் உள்ளேயிருந்து கையால் திறக்கிற வழி கட்டாயம். பழைய வண்டியில் நாமளே மாட்டுறதுக்கு இதை யாரும் வந்து செக் பண்ணப் போறதில்லை. நாமதான் பண்ணணும். (அதே காம்போவில் 'சன் ஃபிலிம்' ஃப்ரீன்னு சொன்னா வேண்டாம்னுடுங்க. கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டுறதை 2012-லேயே சுப்ரீம் கோர்ட் தடை பண்ணியாச்சு.)

அப்புறம், கிணறு. எங்க பக்கம் ரோட்டை ஒட்டியே சுவர் இல்லாத கிணறுகள் இருக்கு. 2025 மே மாசம் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம் பக்கத்தில் ஒரு ஆம்னி, ரோட்டோரக் கிணற்றில் விழுந்து அஞ்சு பேர் இறந்தாங்க. கனடாவில் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட், நிஜக் கார்களைத் தண்ணிக்குள்ளே இறக்கி ஆராய்ச்சி பண்ணவர். அவர் சொல்றது, கார் மிதக்கிற முதல் ஒரு நிமிஷம்தான் உங்களுக்குக் கிடைக்கிற நேரம். சீட் பெல்ட்டைக் கழட்டு, ஜன்னலைத் திற, குழந்தைகளை முதல்ல வெளியே அனுப்பு, நீயும் வெளியேறு. கதவைத் திறக்கப் போராடாதே, தண்ணி விடாது. போன் பண்ணவும் நேரமில்லை. பவர் விண்டோ தண்ணி பட்டதும் செத்துடும்னு பயப்படுறோம். அந்த முதல் சில நொடிகளில் அது பெரும்பாலும் வேலை செய்யுமாம். தண்ணி கண்ணாடி உயரத்துக்கு ஏறிட்டா, அழுத்தம் கண்ணாடியைச் சட்டத்தோட சேர்த்து அமுக்கிடும். அப்புறம் பட்டனும் கஷ்டம், ஹேண்டிலும் கஷ்டம். பக்கக் கண்ணாடி டெம்பர்டு கிளாஸ்னா, ஒரு மூலையில் கூர்மையான இரும்பால் ஓங்கிக் குத்தினா பொடிப்பொடியாகும். அந்தச் சுத்தியல் டிக்கியில் இருந்தா பிரயோஜனம் இல்லை, கைக்கு எட்டணும்.

இவ்ளோவும் ஒரே மூச்சில் நான் பேசலை பாஸ். பாதி அண்ணன் சொன்னது, பாதி அன்னைக்கு ராத்திரி நான் தேடிப் படிச்சது. கடையில் நடந்தது சின்னப் பேச்சுவார்த்தைதான். மாமா சொன்னார், "காசு நான்தானே கொடுக்கிறேன்." அண்ணன் சொன்னார், "பின்னாடி ரெண்டுக்கும் கிட் இருக்கு சார். இப்பவே மாட்டினா எனக்கும் லாபம்தான். பொண்ணுக்கு ஒரு பத்து வயசு ஆகட்டும், அப்போ வாங்க, மாட்டித் தரேன்."

மாமா கொஞ்ச நேரம் கிட் டப்பாவையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். அத்தைக்குப் போன் போட்டார். அந்தப் பக்கத்திலிருந்து என்ன வந்துச்சுன்னு தெரியலை, ரெண்டே நிமிஷத்தில் முடிவாயிடுச்சு.

இப்போ மாமா வண்டியில் முன்னாடி ரெண்டு கதவுக்கும் பட்டன். அதுவும் கிட்டோட வந்த ரெண்டு பக்கமும் அமுக்குற சுவிட்ச் இல்லை. மூடுறதுக்கு மேல இழுக்கிற சுவிட்ச், அண்ணன் தனியா வாங்கி மாட்டினது. சாவியை எடுத்தா ரிலே கட். பின் கதவு ரெண்டிலும் அதே பழைய ஹேண்டில். பாப்பாவுக்கு அதைச் சுத்தத் தெரியுமான்னு அத்தை ஒரு நாள் செக் பண்ணாங்க. ரெண்டு கையாலயும் பிடிச்சு, நாக்கைக் கடிச்சுக்கிட்டு, முழுசா இறக்கிட்டா. ஏத்தத்தான் இன்னும் வரலை. "அது வரவேணாம்"னு அத்தை சொல்லிட்டாங்க.